ராக் இல்லாத சின்ன எஸ்யூவியில் கயாக்: செங்கோட்டை தாண்டி அஷ்டமுடி வரை கொண்டுபோக முழுமையான வழிகாட்டி

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் தூரமில்லை. புளியரை தாண்டி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை என்று இறங்கினால் கொல்லம். அங்கே அஷ்டமுடிக் காயல். 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு உள்ளே வெளியே. வண்டியின் கூரைமேல் படகைப் பத்திரமாகக் கொண்டுபோவதுதான் பாடு.

பலரிடம் இருப்பது நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி. கூரையில் ராக் (சாமான் கட்டும் சட்டம்) இருக்காது. இரண்டு பக்கமும் கறுப்பாக ஓடும் ரெயில் இருந்தாலும், பல மாடல்களில் அது அழகுக்கு ஒட்டியது. கையேட்டில் ‘ரூஃப் லோடு’ எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதா, ரெயிலில் கட்டலாம் என்று சொல்லியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொல்லவில்லை என்றால் அந்த ரெயிலில் ஒரு துண்டைக்கூடக் காயப்போடலாம், படகைக் கட்டக் கூடாது.

எந்தப் படகு, எத்தனை படகு

பத்தடி ஒற்றையாள் கயாக் ஏறக்குறைய 20 முதல் 28 கிலோ வரும். பன்னிரண்டடி இரட்டையாள் கயாக் 30 கிலோவைத் தாண்டும். எடை ஒரு கணக்கு. அதைவிட முக்கியமான கணக்கு நீளம்.

சின்ன எஸ்யூவியின் மொத்த நீளம் 3.99 மீட்டர். பத்தடி என்பது 3.05 மீட்டர். வண்டி நீளத்துக்குள் தாராளமாக அடங்கும் என்று தோன்றும். ஆனால் கூரையின் நடு வேறு, வண்டியின் நடு வேறு. முன்னால் பானெட் இருப்பதால் கூரை பின்பக்கம் ஒதுங்கியே இருக்கும். கூரையின் நடுவில் படகின் நடுவை வைத்தால் பின்முனை பம்பரைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில், அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். ஆகவே பத்தடிப் படகைக் கூரை நடுவிலிருந்து 20, 25 செண்டிமீட்டர் முன்னால் தள்ளி வையுங்கள். பின்முனை பின்பம்பரைத் தாண்டாது, முன்முனை பானெட்டுக்கு மேலேயே நிற்கும்.

பன்னிரண்டடியை இதே மாதிரி அடக்கப் பார்த்தால் முன்பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் அந்தரத்தில் தொங்கும். காற்று பிடிப்பதும் அங்கேதான். சரியான ராக் இல்லாமல் அதை மலை ஏற்ற வேண்டாம். இரண்டு படகைப் பக்கம் பக்கமாக வைக்கவும் இடமில்லை: படகு ஒன்றின் அகலம் 75, 80 செண்டிமீட்டர், கூரையின் தட்டையான பகுதியோ 1.1, 1.2 மீட்டர்தான். இரண்டாவது ஆளுக்குக் காற்றடிக்கும் கயாக் ஒன்றை டிக்கியில் சுருட்டிப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். சன்ரூஃப் உள்ள வண்டியில், படகுக்கு அடியில் வைக்கும் ஃபோம் பட்டைகள் கண்ணாடிமேல் உட்காரக் கூடாது. கூரை முழுக்கக் கண்ணாடி என்றால் இந்த முறையே உங்களுக்கு இல்லை.

வாங்க வேண்டியவை

பெல்ட் இரண்டு. 25 மில்லிமீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், பாலியெஸ்டர் நாடா, கேம் பக்கிள் (கையால் இழுத்த நாடாவைப் பல்லால் கவ்விப் பிடிக்கும் கொக்கி) வைத்தது. நைலான் நாடா நனைந்தால் நீளும்; புளியரையில் இறுக்கியது தென்மலைச் சாரலில் தளர்ந்துவிடும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட்டும் வேண்டாம். அதை நாலு சொடுக்குக் கூடுதலாக இழுத்தால் படகின் அடி உள்வாங்கும், வண்டிக் கூரையும் சேர்ந்து அமுங்கும். கேம் பக்கிளில் உங்கள் கைப்பலத்துக்கு மேல் இறுக்க முடியாது. இந்த வேலைக்கு அதுவே போதும்.

பட்டை இரண்டு. அடைத்த கண் உள்ள, தண்ணீர் குடிக்காத ஃபோம். டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வருகிற வெள்ளை ஃபோமின் கெட்டியான வகை ஃபோம் கடைகளில் பலகையாகக் கிடைக்கும். நீளம் கூரையின் தட்டையான பகுதியின் அகலம் அளவுக்கு, 12 செண்டிமீட்டர் அகலம், 8 தடிமன் என்று வெட்டச் சொல்லுங்கள். நீச்சல் குளத்து ‘நூடுல்’ குழாயைப் பலரும் போடுகிறார்கள். பெல்ட்டை இறுக்கியதும் அது சப்பையாகிவிடும். அப்புறம் படகு தகரத்தில் உட்காரும். மெத்தைக் கடைப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சும். அதற்கு ரெக்சின் உறை போட்டால் வழுக்கும்.

பட்டைக்கு அடியில் விரிக்க, அலமாரித் தட்டில் போடுகிற வலைபோன்ற ரப்பர் விரிப்பு ஒரு மீட்டர். கயிறு 8 மில்லிமீட்டர் பின்னல் பாலியெஸ்டர், நான்கு துண்டு, தலா 3 மீட்டர். பழைய சைக்கிள் ட்யூப் ஒன்று. சிவப்புத் துணி ஒரு முழம்.

பானெட்டில் கயிறு கட்ட இடம் வேண்டும். 25 மில்லிமீட்டர் நாடாவை ஒரு சாண் நீளத்துக்கு மடித்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பித்தளை வளையம் அடித்துக்கொள்ளுங்கள். செருப்புத் தைப்பவரிடமோ தார்ப்பாய்க் கடையிலோ அடித்துத் தருவார்கள். பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் வரிசை தெரியும். பெரும்பாலும் 10ஆம் நம்பர் ஸ்பேனர் சேரும். ஒரு பக்கத்துக்கு ஒரு போல்ட்டைக் கழற்றி, வளையத்தைக் கொடுத்து, திரும்ப முடுக்குங்கள். பானெட்டை மூடினால் இரண்டு காதுபோல நாடா வெளியே நிற்கும். வேண்டாதபோது உள்ளே மடித்துவிடலாம். இழுவைக் கொக்கியை முன்பம்பரில் திருகியும் கட்டலாம். சில வண்டிகளில் அதன் மறை தலைகீழாக ஓடும், பலவந்தம் பண்ண வேண்டாம்.

ஏற்றுவது

கூரையைக் கழுவித் துடையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பட்டைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே கிடக்கும் மண், நூறு கிலோமீட்டர் அதிர்வில் உப்புத்தாள் வேலை செய்யும்.

ரப்பர் விரிப்பு, அதன்மேல் பட்டை. முன்பட்டை முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் பின்னால். பின்பட்டை பின்கதவு இருக்கைக்கு நேர்மேலே. இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. கூரையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்: சில இடத்தில் ‘டப்’பென்று தகரம் உள்ளே போய் வரும், சில இடத்தில் கல்லாக இருக்கும். கல்லாக இருக்கும் இடத்துக்கு அடியில் குறுக்குச் சட்டம் ஓடுகிறது. பட்டை அங்கேதான் உட்கார வேண்டும், அதன் முனைகள் கூரையின் ஓரம்வரை எட்ட வேண்டும். பாரம் ஓரச் சட்டத்துக்கு இறங்கினால் நடுத்தகரம் தப்பிக்கும்.

இருக்கை, துடுப்பு, மூடி, தண்ணீர்ப் பாட்டில், எல்லாவற்றையும் படகிலிருந்து எடுத்து வண்டிக்குள் போடுங்கள். வடிகால் மூடியைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடியுங்கள். பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. அதுவும் பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் பாய்கிற பத்து கிலோ.

தூக்க இரண்டு பேர் வேண்டும். பின்பக்கமாகச் சாய்த்து ஏற்றுவதை சிறிய எஸ்யூவியில் செய்யாதீர்கள். பின்கண்ணாடிக்கு மேல் இருக்கும் ஸ்பாய்லர் வெறும் பிளாஸ்டிக், சுறாத்துடுப்பு ஆண்டெனாவும் அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டில் நின்று, ஆளுக்கொரு முனையாகத் தலைக்குமேல் தூக்கி, கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஆரியங்காவில் பெய்கிற மழையை எல்லாம் தொட்டிபோல ஏந்திக்கொண்டு போகும். கவிழ்த்தால் படகின் கெட்டியான இரண்டு ஓர விளிம்பும் பட்டைமேல் தட்டையாக உட்காரும். அணியம் முன்னால், அமரம் பின்னால். வள்ளத்துக்காரர்கள் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் சொல்வார்கள். இனி அப்படியே சொல்வோம்.

பெல்ட்: நான்கு கதவையும் திறந்துவிட்டுத்தான்

பெல்ட்டை ஜன்னல் வழியாக விட்டுக் கட்டினால் கதவு திறக்காது. கட்டி முடித்த பிறகுதான் இது தெரியும். பிறகு ஜன்னல் வழியாக ஏறி இறங்க வேண்டியதுதான். நான்கு கதவையும் முதலில் விரியத் திறங்கள். ஒரு பெல்ட் முன்கதவுகளின் வழியாக, இன்னொன்று பின்கதவுகளின் வழியாக. கதவுச் சட்டத்துக்கு உள்ளே, கூரைத் துணிக்குக் கீழே குறுக்காக ஓடி, வெளியே படகின்மேல் ஏறி, வட்டமாக முடியும். பெல்ட் பட்டைக்கு நேர்மேலே படகை அழுத்த வேண்டும். இரண்டு பட்டைக்கும் நடுவில் போட்டு இறுக்கினால் படகு வில்லாக வளையும்.

பக்கிள் தகரத்திலோ கண்ணாடியிலோ படாமல் படகின் பக்கவாட்டில் நிற்கட்டும். அடியில் ஒரு துணி. உள்ளே ஓடும் பகுதி முறுக்கில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். வெளியே காற்றில் நிற்கும் பகுதியில் மட்டும் வேண்டுமென்றே ஒரே ஒரு முறுக்குக் கொடுங்கள். தட்டை நாடா காற்றில் அதிர்ந்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ‘உம்ம்ம்’ என்று ஊதும். ஒரு முறுக்கு அதை அடக்கிவிடும்.

இறுக்கியதும் படகைப் பிடித்து உலுக்குங்கள். படகு தனியாக ஆடினால் போதாது. வண்டியே சேர்ந்து ஆட வேண்டும்.

இந்த முறையின் இரண்டு குறையையும் சொல்லிவிட வேண்டும். மழையில் தண்ணீர் நாடா வழியே ஊறி உள்ளே வந்து, சரியாக ஓட்டுநர் தோளில் சொட்டும். கதவுக்கு உட்பக்கம் நாடாவில் ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் தாங்கும். இரண்டாவது பெரிய குறை: பக்கத்திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது விரிந்து இறங்கும் வழியில்தான் இந்த நாடா குறுக்கே நிற்கிறது. அத்தகைய வண்டி வைத்துக்கொண்டு மாதாமாதம் போகிறவர்கள், கதவின் மேல்சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் தனிக் குறுக்குச்சட்டம் அந்த மாடலுக்குக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அதில் பெல்ட் வண்டிக்கு வெளியிலேயே சுற்றி முடிந்துவிடும்.

அணியக் கயிறுதான் உயிர்

இரண்டு பெல்ட் போட்டு உலுக்கியும் பார்த்தாயிற்று, அசையவில்லை, கிளம்பலாம் என்று தோன்றும். தவறு நடப்பது இங்கேதான். பெல்ட்டுகள் பாரத்தைப் பிடிக்கின்றன. வழியில் எதிர்க்க வேண்டியது காற்றை. முன்கண்ணாடியில் மோதி மேலே சீறும் காற்று, பானெட்டுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் அணியத்தின் அடியில் புகுந்து தூக்கும். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும்: 60இல் இருப்பது 80இல் 1.8 மடங்கு, 100இல் 2.8 மடங்கு. இது சும்மா இருக்கும் காற்றுக்கு.

செங்கோட்டைக் கணவாயில் காற்று எப்போது சும்மா இருந்தது? மலைத்தொடரில் இருக்கும் இடைவெளி இது. தென்மேற்குப் பருவத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர்வரை, கேரளத்துக் காற்று இந்த வாசல் வழியாகத்தான் இந்தப் பக்கம் கொட்டும். தென்காசி, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளெல்லாம் அதை நம்பி நிற்பவைதான். மேற்கே போகும்போது அது எதிர்க்காற்று. நீங்கள் 60இல் போக, எதிரே 40இல் அடித்தால், படகுக்கு அது 100. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள். இது 25 கிலோ பிளாஸ்டிக்.

ஆகவே அணியத்திலிருந்து இரண்டு கயிறு, பானெட் காதுகள் இரண்டுக்கும், கவிழ்த்த ‘வி’ மாதிரி. ஒற்றைக் கயிறு தூக்கலைத் தடுக்கும், பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்காது. திருகு போட்ட கைப்பிடியில் கட்டாதீர்கள், திருகோடு பிடுங்கிக்கொண்டு வரும். படகின் உடம்போடு சேர்ந்து வார்த்த கண்ணிலோ, உட்காருமிடத்தில் தண்ணீர் வடிய விட்ட துளை வழியாகவோ கயிற்றைக் கோத்துக் கட்டுங்கள்.

முடிச்சு, லாரிக் கிளீனர்கள் தார்ப்பாய்க்குப் போடுவதுதான். கயிற்றின் மேல்முனையைப் படகில் நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். கீழே தொங்கும் கயிற்றில், பானெட் காதுக்கு ஒரு முழம் மேலே, கயிற்றை இரட்டையாக மடித்து ஒரு சாதாரண முடிச்சுப் போட்டால் ஒரு கண் கிடைக்கும். தொங்கும் நுனியைக் காதுக்குள் விட்டு, மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுங்கள். கப்பி மாதிரி வேலை செய்யும். சுண்டுவிரல் பலத்துக்குக் கயிறு விறைக்கும். கண்ணருகே இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியால் இரண்டு அரைமுடிச்சுப் போடுங்கள். வேகமாக அவிழும் சுருக்குக் கண் போடுகிற வழியும் உண்டு; திசை மாறிப் போட்டால் இழுக்கும்போதே கலைந்துவிடும். சாதாரண முடிச்சு அவிழ்க்கச் சிரமம், ஆனால் ஏமாற்றாது.

விறைப்பு போதும். அணியம் கீழே வளையும் அளவுக்கு இழுத்தால் அதுவே படகைப் பின்பட்டையிலிருந்து தூக்கிவிடும். மிச்சக் கயிற்றைச் சுருட்டிக் கட்டுங்கள்: தளர்ந்து சக்கரத்துக்கடியில் போன கயிறு படகையே இழுத்து முன்னால் போட்டுவிடும். பானெட்டில் உரசும் இடத்துக்கு சைக்கிள் ட்யூபை உறையாக மாட்டுங்கள்.

பின்பக்கத்துக்கு வேறு காரணம்: பிரேக். கயிறு அமரத்திலிருந்து நேர்கீழே இறங்கினால் முன்னால் வழுக்குவதைப் பிடிக்காது. அமரத்துக்கு இரண்டடி முன்னால் உள்ள வடிகால் துளையிலிருந்து பின்னோக்கிச் சாய்வாக வர வேண்டும். கட்டுமிடத்துக்கு, ஒரு முழ நாடாவை வளையமாக்கி, ஒரு முனையில் கட்டைவிரல் பருமனுள்ள குழாய்த் துண்டைக் கோத்து, அதை டிக்கிக்குள் வைத்துக் கதவை மூடுங்கள். குழாய் உள்ளே சிக்கிக்கொள்ளும், வளையம் வெளியே. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பூட்டு இருக்கும் நடுப்பகுதியில் வைத்தால் கதவு சரியாகப் பூட்டாது. அமரத்தில் சிவப்புத் துணியைக் கட்டுங்கள். நம்பர் பிளேட்டையும் விளக்கையும் அது மறைக்கக் கூடாது.

வழியில்

கிளம்பி மூன்று கிலோமீட்டரில் நிறுத்திப் பாருங்கள். பட்டை அமுங்கி பெல்ட் கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். அடுத்தது புளியரை எஸ் வளைவு ஏறுவதற்குமுன். பிறகு தென்மலையில். பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் கணவாயைத் தாண்டிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். வேகம் மலையில் 40, கீழே 60, அதற்குமேல் வேண்டாம்.

இந்தச் சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாக வரும். எதிரே வருகிற லாரி கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், அடுத்த நொடி உறிஞ்சும். வெளி ஓரத்துக்கு ஒதுங்கி, வேகத்தைக் குறைத்துக் கடங்கள். முன்கண்ணாடி வழியே அணியக் கயிறு எப்போதும் உங்கள் கண்ணில் படும். அது நடுங்கலாம். தொய்யக் கூடாது. தொய்ந்தால் உடனே ஓரங்கட்டுங்கள்.

வண்டியின் உயரம் 1.64 மீட்டர் என்றால், பட்டை, படகு சேர்த்து 2.1 மீட்டர் பக்கம் வரும். அளந்து ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். கொல்லத்தில் ஓட்டல் அடித்தளப் பார்க்கிங் முன்னால்தான் இது ஞாபகம் வர வேண்டும்.

சாப்பிட நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் படகின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் இளகும்; இறுகிய பெல்ட்டுக்கு அடியில் பள்ளம் விழும். அரைமணிக்கு மேல் நிற்பதென்றால் பெல்ட்டை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள். ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போங்கள், திரும்ப இறுக்காமல் கிளம்பிவிடாமல் இருக்க. விழுந்த பள்ளம் பெரும்பாலும் படகை ஒரு பகல் வெயிலில் கவிழ்த்துப் போட்டால் தானே எழும்பும். எழும்பாவிட்டால் வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளுங்கள்.

திரும்பும்போது

அஷ்டமுடியில் கடல் வந்து கலக்கிறது, உப்புத் தண்ணீர். கல்லடை ஆறு வந்து சேரும் மன்றோத்துருத்து (மன்றோ தீவு) பக்கம் இறங்கினாலும் உப்பு இருக்கும். கேம் பக்கிளின் ஸ்பிரிங் துருப்பிடித்தால் பல் கவ்வாது. கட்டும்போது பிடித்ததுபோலத் தெரியும், வழியில் ஒவ்வோர் அங்குலமாக நழுவும். கையோடு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோய், பக்கிளையும் படகு விளிம்பில் ஒட்டிய மணலையும் கழுவிவிட்டே ஏற்றுங்கள். ஏற்றும் முறையில் மாற்றமில்லை. ஒன்று மட்டும்: மேற்கே போகும்போது எதிரே இருந்த காற்று இப்போது முதுகில் தள்ளும். ஆரியங்காவு ஏற்றத்தில் படகு மேலே இருப்பதே தெரியாது. கோட்டைவாசல் தாண்டிப் புளியரை இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும். ஆகவே திரும்பும்போது தென்மலையில் இறங்கித் தொட்டுப் பார்க்க வேண்டியது பின்பக்கக் கயிறுகளை.